சாயப்பட்டறை உப்பும் ஓர் எம்.டெக். விண்ணப்பமும்

வேதிப் பொறியியலில் மேற்படிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருபவர், ரசாயன ஆலையில் ஷிஃப்ட் இன்ஜினீயராக இருந்து, பிறகு எம்.டெக்., பிஎச்.டி. முடித்து, கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியை.

கேள்வி: மேடம், நான் பி.டெக். கெமிக்கல் கடைசி வருஷம். அப்பா சாயப்பட்டறையில் மெஷின் ஆபரேட்டர். எம்.டெக்., முடிந்தால் பிஎச்.டி.யும் படிக்க ஆசை. விண்ணப்பத்தில் 'ஏன் மேற்படிப்பு?' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். 'சிறு வயதிலிருந்தே வேதியியலில் ஆர்வம்' என்று ஆரம்பித்தேன். சீனியர் அக்கா படித்துவிட்டுச் சிரித்தார். உண்மையான காரணம் வேறு. எங்கள் பகுதிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஷெட்டில் உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அது ஏன் தீரவே மாட்டேன் என்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். இதைப் போய் எழுதினால் சிறுபிள்ளைத்தனமாக இருக்குமா? அப்பா வேறு, 'வேலைக்குப் போ கண்ணு, படிச்ச வரைக்கும் போதும்' என்கிறார்.
— இறுதியாண்டு மாணவி, திருப்பூர்

பதில்: உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன். வகுப்பில் பழகிய நாக்கு, மாறாது.

அக்கா சிரித்தது நியாயம்தான். சேர்க்கைக் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 'சிறு வயதிலிருந்தே' என்று தொடங்கும் கடிதங்களில் பெயரை மறைத்துவிட்டால், எழுதியவருக்கே தன்னுடையது எது என்று தெரியாது. உன் உப்பு மூட்டை அப்படி அல்ல. அதையே எழுது. ஆனால் 'உப்பு தேங்குகிறது, மனம் வலிக்கிறது' என்பதோடு நிறுத்தினால் அது நாளிதழில் வரும் வாசகர் கடிதம். அந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டால்தான் வேதிப் பொறியியல். சேர்ந்தே போடுவோம்.

பருத்தி தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் ஏறும். ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். தண்ணீரில் உப்பு சேர்ந்தால் அந்தத் தள்ளல் அடங்கி, சாயம் நூலுக்குள் போகும். பிறகு சோடா ஆஷ் என்ற காரத்தைச் சேர்த்தால் நூலைப் பிடித்துக்கொள்ளும். உன் அப்பாவுக்கு இந்த விளக்கம் தேவையில்லை, எந்த ஷேடுக்கு எவ்வளவு உப்பு என்று அவருக்கு அத்துப்படி. நமக்குத்தான் எண்கள் வேண்டும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொள். 480 கிராம். ஏறக்குறைய துணியின் எடையில் பாதி! சாயம் எவ்வளவு? 2 சதவீத ஷேடு, அதாவது துணியின் எடையில் 2 சதவீதம் சாயம் என்றால், வெறும் 20 கிராம். அந்த 20 கிராமைத் துணிக்குள் அனுப்பிவைக்க வந்த 480 கிராமும் தன் வேலையை முடித்துக்கொண்டு, துணியில் தங்காமல், கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் அது நொய்யலுக்குப் போனது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறிய கதை உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ஏற்பாட்டோடுதான் அவை மறுபடி ஓடின. நுண்ணுயிர்த் தொட்டி, சவ்வு வடிகட்டிகள், அவற்றில் மிஞ்சும் அடர் உப்புநீரைக் காய்ச்ச ஆவியாக்கிகள், கடைசியில் படிகமாக்கி. இந்த வரிசையில் எந்த இயந்திரமும் உப்பை அழிப்பதில்லை. நுண்ணுயிர் உப்பைத் தின்னாது. சவ்வு அதை ஓரிடத்தில் சேர்க்கும், ஆவியாக்கி இன்னும் அடர்த்தியாக்கும், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் 'ப்ராசஸ் கால்குலேஷன்ஸ்' பாடத்தில் முதல் வாரம் படித்திருப்பாய்: உள்ளே போனது எந்த உருவத்திலாவது வெளியே வந்தே தீரும். உன் ஷெட்டு மூட்டைகள் அந்தச் சமன்பாட்டின் மறுபக்கம்.

அப்படியானால் மீட்ட உப்பைத் திரும்பப் பட்டறைக்கே கொடுக்கலாமே? முடிந்தவரை கொடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் கழிவுநீரில் இரண்டு உப்புகள் கலந்து வருகின்றன: சாதாரண உப்பு என்கிற சோடியம் குளோரைடு, உங்கள் ஊரில் கிளாபர் சால்ட் என்று வாங்கும் சோடியம் சல்பேட். இவற்றின் குணம் எனக்கு இன்றைக்கும் அலுக்காத விஷயம். சாதாரண உப்பு 100 கிராம் தண்ணீரில் பனிக்கட்டிக் குளிரிலும் 36 கிராம் கரையும், கொதிக்கும்போதும் 39 கிராம்தான். சூட்டைச் சட்டையே செய்யாது. சோடியம் சல்பேட் நேர்மாறு. 0 டிகிரியில் 5 கிராம், 32 டிகிரியில் 50 கிராம்! அதற்கு மேல் சூடாக்கினாலோ கரைதிறன் மெல்லக் குறைய ஆரம்பிக்கும். ஆகவே கலந்த உப்புநீரைக் குளிர வைத்தால் சல்பேட் மட்டும் படிகமாகக் கீழே இறங்கும், குளோரைடு மேலேயே நிற்கும். அந்தப் படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பது இன்னொரு வேடிக்கை.

காகிதத்தில் இவ்வளவு அழகு. தொட்டியில் அப்படி இல்லை. சாயத்தின் சிதைவுகள், கடினநீரின் கால்சியம், துணியிலிருந்து கழன்ற பசை எல்லாம் சேர்ந்து படிகத்தின் வளர்ச்சியைக் கெடுக்கும். குளிர வைக்க மின்சாரம் வேண்டும், காய்ச்ச நீராவி வேண்டும், இரண்டுக்கும் காசு. எல்லாம் போக மிஞ்சுவது பிரிக்க முடியாத கலப்பு உப்பு. மூட்டையில் இருப்பது அதுதான்.

இனி உன் கேள்வி 'உப்பு ஏன் தீரவில்லை' என்பதல்ல. 'சாயச் சிதைவுகள் கலந்த உப்புநீரில் சல்பேட் படிகம் எந்த வேகத்தில் வளரும்? அதில் எவ்வளவு குளோரைடு ஒட்டிக்கொண்டு வரும்?' என்பது. ஆய்வகம் வைத்திருக்கும் எந்தப் பேராசிரியரும் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார். இல்லை, உப்பே போடாமல் சாயம் ஏற்றும் வழி பிடிக்கிறது என்றால் அதுவும் உண்டு. பருத்திக்கு முன்கூட்டியே நேர்மின்னூட்டம் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் உப்பின் தயவு வேண்டியதில்லை. ஆனால் சாயம் அவசரப்பட்டு ஒட்டுவதால் நிறம் திட்டுத்திட்டாக விழும் தொல்லை இருக்கிறது. சவ்வுகள் மூன்றாவது வழி. மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதாதே. ஒன்றை எடு.

என் கதை கொஞ்சம். நான் வேலை பார்த்த ஆலையில் மூன்று கலன்கள் கொண்ட ஆவியாக்கி ஒன்று இருந்தது. முதல் கலனில் எழும் நீராவி இரண்டாவதைக் கொதிக்க வைக்கும், அதன் நீராவி மூன்றாவதை. எப்போதும் மிகச் சூடான முதல் கலனின் குழாய்கள்தான் முதலில் அடைக்கும். நிறுத்திவிட்டு, கான்ட்ராக்ட் ஆட்கள் உள்ளே இறங்கி நீளக் கம்பியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்வார்கள். அந்தப் புழுக்கத்தில் அவர்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு லாக் புக்கில் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஏன் சூடான இடத்தில் அடைக்கிறது என்று கேட்டால், 'அது அப்படித்தாம்மா' என்பார் மூத்த அதிகாரி. சூடேற ஏறக் கரைதிறன் குறையும் உப்பு, சூடான சுவரில்தான் முதலில் படியும் என்று புத்தகத்தைப் புரட்டிக் கண்டேன். எந்த வேகத்தில் படியும், ஓட்டத்தைக் கூட்டினால் எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம் என்று புத்தகத்தில் இல்லை. அதற்காகத்தான் எம்.டெக். போனேன். சமூக சேவை, அறிவுத் தாகம் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அந்தக் குழாய் என்னைத் தூங்கவிடவில்லை, அதுதான் நிஜம்.

கடிதம் அனுப்புமுன் ஒரு காரியம் செய். கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு உப்பையும் தெரிந்த அளவில் கரைத்து, ஓரிரவு குளிர்பெட்டியில் வை. இறங்கிய படிகத்தை வடிகட்டிக் கழுவி, சில்வர் நைட்ரேட்டால் குளோரைடும் பேரியம் குளோரைடால் சல்பேட்டும் பார். பேரியம் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதே. பிறகு, அனுமதி கிடைத்தால், சுத்திகரிப்பு நிலையத்து உப்புநீரில் அதையே செய். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசம்தான் உன் விண்ணப்பத்தின் இரண்டாவது பத்தி.

முதல் பத்தி இப்படி இருக்கலாம்: 'ஒரு கிலோ பருத்தித் துணிக்குச் சாயமேற்ற 20 கிராம் சாயமும் 480 கிராம் உப்பும் ஆகிறது. அந்த உப்பை அளந்து போடுபவர் என் தந்தை. அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது, மீதி ஏன் கலப்பு உப்பாக நின்றுவிடுகிறது என்று ஆராய விரும்புகிறேன்.' என் வாக்கியங்களை அப்படியே எடுக்காதே, எண்களையும் அப்பாவிடம் கேட்டு உங்கள் பட்டறைக்கு ஏற்ப மாற்று. மூன்றாவது பத்தியில் நீ விண்ணப்பிக்கும் துறையில் இந்த வேலையைச் செய்பவர் யார், அவர் கட்டுரையில் உனக்குப் புரியாதது எது என்று எழுது. 'திருப்பூரைக் காப்பாற்றுவேன்' என்ற கடைசி வரி மட்டும் வேண்டாம். இரண்டு வருஷத்தில் யாரும் காப்பாற்ற முடியாது, படிப்பவர்களுக்கும் அது தெரியும்.

அப்பா விஷயம். அவர் சொல்வதைத் தட்டாதே, கணக்கைக் காட்டு. அந்தக் கணக்கு அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: எம்.டெக். சேர கேட் நுழைவுத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டுமா? உதவித்தொகை எவ்வளவு? வெளிநாடு என்றால் செலவு?
— பி.டெக். மாணவர், திருச்சி

பதில்: உதவித்தொகை வேண்டுமானால் எழுதுங்கள். கேட் தகுதியோடு முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் ரூ. 12,400. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. கேட் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். பிஎச்.டி. நிலையில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் ரூ. 37,000, பின்பு எஸ்.ஆர்.எஃப். என்கிற முதுநிலை உதவித்தொகை ரூ. 42,000. கேட் இல்லாமல் தமிழ்நாட்டிலேயே எம்.டெக். என்றால் டான்செட் நுழைவுத் தேர்வை நம்பிக் காத்திருக்காதீர்கள். 2023-லிருந்து அதற்குச் சீட்டா என்ற தனித் தேர்வு வந்துவிட்டது.

அமெரிக்காவில் பி.டெக். முடித்ததுமே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கட்டணத்தையும் மாதச் செலவையும் துறையே ஏற்கும், எம்.எஸ். என்றால் பெரும்பாலும் உங்கள் வீட்டுக் காசு. இந்த வித்தியாசம் தெரியாமல் வீட்டை அடமானம் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. முதலில், உங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும், அது வர நாளாகும்.

கேள்வி: எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ப்ராசஸ் இன்ஜினீயராக இருக்கிறேன். பதவி உயர்வு தள்ளிக்கொண்டே போகிறது. வேலையை விட்டு எம்.டெக். படித்தால் மதிப்புக் கூடுமா?
— பெயர் வேண்டாம், மணலி

பதில்: பதவி உயர்வுதான் நோக்கம் என்றால் எம்.டெக். நீண்ட சுற்றுவழி. எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வு எழுதுங்கள், அல்லது எம்.பி.ஏ. பாருங்கள். கேலி செய்யவில்லை, சம்பளம் நேர்மையான காரணம்தான். ஆனால் அதற்கு ஆய்வகத்தில் இரவு பகலாக உட்கார வேண்டியதில்லை.

வேறொன்று கேட்கிறேன். உங்கள் ஆலையில் அமீன் யூனிட் இருக்கும். வாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடை உறிஞ்சும் கரைசலைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்துகிறீர்கள். அந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது 1930-ல். இன்றும் அதே கோபுரம், கரைசலைக் கொதிக்க வைக்கும் அதே ரீபாய்லர், நீராவியை அதே மாதிரி விழுங்குகிறது. ஏன் இவ்வளவு நீராவி என்று ஒரு தடவையாவது உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கிறதா? வந்திருந்தால் படிக்கப் போங்கள். தூத்துக்குடி சோடா ஆலையில் 2016-ல் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து அதையே சோடா ஆஷ் செய்யப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அங்கேயும் இதே உறிஞ்சு-கொதிக்கவை வித்தைதான், மாற்றியது கரைசலை. அந்தக் கரைசலைக் கொடுத்த நிறுவனத்தை 2009-ல் ஆரம்பித்தவர்கள் ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த இரண்டு இளைஞர்கள். தினமும் அமீன் யூனிட்டைப் பார்க்கும் உங்களுக்கு அவர்களைவிடச் சாதகம் அதிகம், கேள்வி மட்டும் இருந்தால்.

விடுவதற்கு முன் நிறுவனமே ஸ்பான்சர் செய்யும் வழியுண்டா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். பகுதிநேரமாகச் சேரலாமா என்று கல்லூரிகளிலும் விசாரியுங்கள். ராஜினாமாக் கடிதம் அதற்கப்புறம்.

கேள்வி: மகள் கெமிக்கல் இன்ஜினீயரிங்கில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்கிறாள். ஆராய்ச்சித் தலைப்பு ஏதோ 'நீர்மப் படலத்தில் வாயு கரைதல்'. இதைப் படித்து என்ன ஆகப் போகிறது? பெண் பிள்ளைக்கு இது தேவையா?
— ஒரு தாய், நெய்வேலி

பதில்: அம்மா, தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1937-ல் வேதிப் பொறியியல் முனைவர் பட்டம் வாங்கியவர், அந்தப் பாடத்தில் அங்கே அதைப் பெற்ற முதல் பெண். அவருடைய ஆய்வும் வாயு நீர்மத்தில் கரையும்போது நீர்மப் படலம் தரும் தடையைப் பற்றியதுதான். உங்களைப் போல அவர் வீட்டிலும் கேட்டிருப்பார்கள், இதில் என்ன இருக்கிறது என்று.

பிறகு இரண்டாம் உலகப் போர். பெனிசிலினைச் சின்னச் சின்னக் குப்பிகளில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள், காயம்பட்ட சிப்பாய்களுக்குப் போதவில்லை. பெரிய தொட்டிகளில் வளர்க்கலாம் என்றால், அடியில் இருக்கும் பூஞ்சைக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். அந்தக் காற்று நீர்மத்தில் கரைந்தாக வேண்டும். புரிகிறதா? பெனிசிலினை வணிக அளவில் ஆழ்தொட்டியில் தயாரிக்கும் முதல் ஆலையை வடிவமைத்தவர் அவர். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பழைய ஐஸ் ஃபேக்டரிக்குள், 1944 மார்ச்சில் அது ஓடத் தொடங்கியது.

உங்கள் மகள் பெனிசிலின் செய்வாள் என்று நான் உறுதி தரவில்லை. தலைப்பைப் பார்த்து உபயோகத்தை எடைபோட முடியாது என்று மட்டும் சொல்கிறேன். 'பெண் பிள்ளைக்கு' என்ற பாதிக் கேள்விக்குப் பதில் எழுத மனம் வரவில்லை. அவளுக்கு வழிகாட்டப் போகும் பேராசிரியர் எப்படிப்பட்டவர், அவருடைய மாணவர்கள் நேரத்துக்கு முடித்து வெளியே போகிறார்களா என்று விசாரியுங்கள். அம்மாவாக நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் அது.

கேள்வி: நான் பி.எஸ்சி. வேதியியல். கெமிக்கல் இன்ஜினீயரிங் என்பதும் வேதியியல்தானே? நேராக எம்.டெக். போகலாமா?
— மாணவர், காரைக்குடி

பதில்: இல்லை. ஒரு லிட்டர் குடுவையில் வெப்பம் உமிழும் வினை ஒன்றைச் செய்கிறீர்கள், குடுவை கையைச் சுடுவதோடு சரி. அதையே அதே வடிவத்தில் 10,000 லிட்டர் உலையில் செய்தால், ஒவ்வொரு லிட்டருக்கும் வெப்பம் வெளியேறக் கிடைக்கும் சுவர்ப்பரப்பு இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வேதியியல் மாறவில்லை. சூடு மட்டும் போக இடமில்லாமல் உள்ளேயே ஏறும், ஏற ஏற வினை இன்னும் வேகமெடுக்கும். 1984-ல் போபாலில் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தபோது நடந்ததும் இப்படி ஒரு கட்டுமீறிய வெப்ப வினைதான், குளிரூட்டும் சாதனமோ முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. குடுவை வேதியியலாளருடையது. உலையை எப்படிக் குளிர வைப்பது என்பது எங்கள் தொழில்.

வழி என்று பார்த்தால், பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால் பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இல்லை, எம்.எஸ்சி. முடித்தால் சில எம்.டெக். படிப்புகளில் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த வழியில் வந்தாலும் வெப்பப் பரிமாற்றமும் பாய்ம இயக்கவியலும் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். வகைக்கெழுச் சமன்பாடு என்றால் காய்ச்சல் வருமென்றால் வேதியியலிலேயே இருங்கள், அங்கேயும் நல்ல வேலை நிறைய இருக்கிறது.

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் மேற்படிப்பு ஆசை போகவில்லை. என்ன செய்ய?
— மாணவர், கடலூர்

பதில்: வேலைக்குப் போங்கள். ஒரு வருஷம் கழித்தும் சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்த வாடை எந்தச் சேர்மம் என்று யோசிக்கிறீர்களா என்று பாருங்கள். கேட் மதிப்பெண்தான் மூன்று வருஷம் செல்லுமே.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது? எங்கள் முதல்வர் தருவதாகச் சொல்கிறார்.
— மாணவி, விருதுநகர்

பதில்: முதல்வரின் கையெழுத்து கனமானது, கடிதம் காலியாக இருக்கும். அவர் உங்களை ஆண்டுவிழாவில் பார்த்திருப்பார். ஆய்வகத்தில் உங்கள் வாசிப்பு தப்பாக வந்தபோது பக்கத்தில் நின்ற ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் உதவிப் பேராசிரியராக இருந்தாலும் பரவாயில்லை. கேட்கும்போது உங்கள் கடிதத்தின் வரைவையும் ஆய்வகப் பதிவேட்டையும் கையோடு கொடுத்துவிடுங்கள், கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே.